நேர்கோட்டில் நகரும் முள்
இசைத்தட்டில் ஒலிப்பள்ளம் வெட்டும் உளி விளிம்பிலிருந்து மையம் நோக்கி நேர்கோட்டில் நகர்கிறது. சாதாரண ரெக்கார்ட் பிளேயரின் கையோ ஒரு முனையில் நின்று சுழல்வதால், முள் வில்லாக வளைந்து போகிறது. பள்ளத்தோடு முள்ளின் கோணம் சரியாக அமைவது அதிகபட்சம் இரண்டு இடங்களில்தான்; மற்ற இடங்களில் ஒலி சற்றே சிதைகிறது.

டென்மார்க்கின் பியோகிராம் 4000 (1972), ஜப்பானின் டெக்னிக்ஸ் எஸ்எல்-10 (1979) ஆகிய பிளேயர்கள் இதைத் தவிர்க்கக் கையையே தண்டவாளத்தில் ஏற்றின. எப்படி? பள்ளம் முள்ளை உள்ளே இழுக்க, கை இம்மியளவு சாயும். ஒளியுணரி அதை உணர்ந்ததும் மோட்டார் கையை நகர்த்தி நிமிர்த்தும். கோணப் பிழை இருக்கிறது, ஆனால் மிகச் சிறியது. அழகான பொறியியல்!

இத்தகைய பழைய கருவி வாங்குவோர் முதலில் கை நகர்வைப் பாருங்கள். பெல்ட் தளர்ந்து, கிரீஸ் இறுகியிருந்தால் கை திணறும். அவற்றை மாற்றாமல் முள்ளைக் குறைசொல்வது அநியாயம். எஸ்எல்-10இல் முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜைச் சொருகினால் போதும், 1.25 கிராம் அழுத்தம் தானே அமையும்.