இரு பெயர் கொண்ட நடிகர்



ஒருவர் வாய் திறந்து நாலு வார்த்தை பேசிவிட்டால், அவர் நெல்லையா, கோவையா, தஞ்சையா என்று சொல்லிவிடுவது நம்மவர்க்குக் கைவந்த கலை. தமிழகத்துக்கு வெளியே நெடுங்காலம் வாழ்ந்தோரிடத்து மட்டும் இக்கலை சற்றுத் தடுமாறுகிறது. தில்லியில் வளர்ந்த பிள்ளையின் தமிழைக் கேட்டு, “இது எந்த ஊர்ப் பேச்சு?” என்று ஊரிலிருந்து வந்த உறவினர் வினவும்போது, நாம் சிரித்து மழுப்பிவிடுகிறோம். இதே வினா அமெரிக்கத் திரையுலகின் தலைசிறந்த நாயக நடிகர் ஒருவரைப் பற்றியும் நெடுங்காலம் கேட்கப்பட்டு வந்தது. அவர்தாம் கேரி கிராண்ட்.

அவருடைய ஆங்கிலம் இங்கிலாந்தின் ஆங்கிலமும் அன்று, அமெரிக்க ஆங்கிலமும் அன்று. சொற்களை வெட்டி வெட்டி உச்சரித்து, வாக்கியத்தின் இறுதியில் குரலைச் சற்றே உயர்த்தும் அந்தப் பேச்சு எந்த ஊருக்கும் உரியதன்று. 1959-ஆம் ஆண்டில் வெளியான ‘சம் லைக் இட் ஹாட்’ என்ற நகைச்சுவைப் படத்தில், டோனி கர்ட்டிஸ் என்ற நடிகர் செல்வந்தனாக வேடம் போடும்போது கேரி கிராண்ட்டைப் போலவே பேசுவார். அவருடைய தோழனோ, இப்படி யாருமே பேசுவதில்லையே என்று எரிந்து விழுவான். கொட்டகையில் எழுந்த சிரிப்பின் காரணம், உண்மையாகவே அப்படிப் பேசிய ஒருவர் உலகில் இருந்தார் என்பதுதான்.

அப்பேச்சு பிறந்த வரலாறு இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள பிரிஸ்டல் என்ற துறைமுக நகரில் தொடங்குகிறது. அங்கே 1904-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள் ஆர்ச்சிபால்ட் அலெக் லீச் என்ற குழந்தை பிறந்தது. தந்தை எலியாஸ், ஆடைத் தொழிற்சாலையில் துணிகளுக்குப் பெட்டி போடும் தொழிலாளி. தாய் எல்சி, முதற் குழந்தையை ஒரு வயது நிரம்புமுன்னரே பறிகொடுத்தவர். அத்துயரம் அவரை விட்டு நீங்கவில்லை; இரண்டாம் மகனைக் கண்ணை இமை காப்பதுபோல் காத்தார்.

பையனுக்குப் பத்து வயதை ஒட்டிய பருவம். ஒருநாள் பள்ளியிலிருந்து வீடு திரும்பினால் அம்மாவைக் காணோம். கடற்கரையூர் ஒன்றுக்கு ஓய்வுக்காகப் போயிருக்கிறாள் என்றனர் பெரியோர். வாரங்கள் மாதங்களாயின, அம்மா வரவில்லை, கடிதமும் வரவில்லை. இனி அவள் வரமாட்டாள் என்று சிறுவன் தானாகவே முடிவு கட்டிக்கொண்டான். உண்மையில், தந்தை அவளை அதே பிரிஸ்டல் நகரின் மனநோய் மருத்துவமனை ஒன்றில் சேர்த்திருந்தார். வீட்டிலிருந்து சில மைல் தொலைவில் தாய் உயிரோடு இருந்தாள்; மகனுக்கு அது தெரியாது. இருபது ஆண்டுகள் தெரியாமலே கழிந்தன.

தாயற்ற வீட்டில் தங்கப் பிடிக்காத பையன் நாடகக் கொட்டகைகளைச் சுற்றலானான். விளக்குகளைக் கையாளும் தொழிலாளர்க்கு எடுபிடியாக நுழைந்து, 1918-இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டதும், பாப் பெண்டர் என்பவர் நடத்திய வித்தைக் குழுவில் சேர்ந்தான். குட்டிக்கரணம் போடுதல், விழுந்தும் அடிபடாமல் எழுதல், நமது கிராமத் திருவிழாக்களில் கொக்கலிக் கட்டை கட்டி ஆடுவோர்போல் உயர்ந்த மரக்கால்களின்மேல் நடத்தல், ஒரு சொல்லும் பேசாமல் உடலசைவாலேயே சிரிப்பு மூட்டுதல் ஆகியவை அங்கே பெற்ற கல்வி. 1920-இல் இக்குழு ‘ஒலிம்பிக்’ என்னும் கப்பலேறி நியூயார்க் சென்றது. அதே கப்பலில் மௌனப் படக்காலத்தின் மாபெரும் நடிகர் டக்ளஸ் ஃபேர்பேங்ஸும் பயணம் செய்தார். பதினாறு வயதுப் பையன் அவரைக் கண்ணிமைக்காமல் பார்த்திருப்பான் என்பதில் ஐயமில்லை.

இரண்டாண்டுகளில் குழு தாயகம் திரும்பியது, ஆர்ச்சி திரும்பவில்லை. கோனித் தீவின் கேளிக்கைப் பூங்காவில் மரக்கால்களின்மேல் நின்று விளம்பரப் பலகை தாங்கிப் பிழைத்தார். பின்னர்ச் சிறு மேடைகள். அதன்பின் இசை நாடகங்கள். பல ஊர்க்காரர்களோடு தொழில் செய்ததாலும், மேடையில் யார்க்கும் புரியும்படி பேச வேண்டியிருந்ததாலும், பிரிஸ்டலின் பேச்சு தேய்ந்தது. அமெரிக்கப் பேச்சு முற்றும் வந்து சேரவில்லை. இடைப்பட்ட அந்த நிலையே பிற்காலத்தில் அவருக்குப் பெருஞ்செல்வமாயிற்று.

1931-இன் இறுதியில் ஹாலிவுட்டின் பாரமவுண்ட் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆர்ச்சி லீச் என்ற பெயர் நாயகனுக்கு உதவாது என்பது அதன் கருத்து. அவ்வாண்டு அவர் நாடகமொன்றில் நடித்த பாத்திரத்தின் பெயர் கேரி. அதையே முற்பெயராகக் கொண்டார். பிற்பெயர் நிறுவனம் வைத்திருந்த பெயர்ப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. கேரி கிராண்ட் பிறந்தது இவ்வாறுதான்.

அக்காலத்து ஹாலிவுட்டின் ஒப்பந்த முறையை இங்கே சொல்லியாக வேண்டும். நடிகர் பெரும்பாலும் ஏழாண்டுகள் ஒரே நிறுவனத்துக்குக் கட்டுப்பட்டவர். எந்தப் படத்தில் நடிப்பது, எந்தப் பெயர் தாங்குவது என்பவற்றை நிறுவனமே தீர்மானிக்கும். வேறு நிறுவனத்துக்கு அவரை வாடகைக்கு விடுவதுபோல் அனுப்பிவைப்பதும் உண்டு. மறுத்தால் சம்பளம் நின்றுவிடும். பாரமவுண்ட்டில் கிராண்ட்டுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் கதாநாயகிக்கு அருகே அழகாக நிற்கும் வேடங்களே. மே வெஸ்ட்டுடன் 1933-இல் நடித்த இரு படங்கள் பெயர் வாங்கித் தந்தனவாயினும் அவை மே வெஸ்ட்டின் படங்கள். வேறு நிறுவனத்துக்காக நடித்த ‘சில்வியா ஸ்கார்லெட்’ என்ற படத்தில்தான், லண்டன் ஏழை மக்களின் கொச்சையில் பேசும் எத்தனாக வந்து, தம் பழைய உலகத்தைத் திரையில் காட்டினார். படம் தோற்றது, நடிகர் வென்றார். 1937-க்குள் பாரமவுண்ட் ஒப்பந்தம் முடிந்தபோது அதைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார். ஒரே நிறுவனத்துக்கு அடிமைப்படாமல் தாமே படங்களைத் தேர்ந்து நடித்த முதல்வர்களுள் அவரும் ஒருவர். பின்னாளில் ஊதியத்தோடு வருவாயில் பங்கும் பெற்றார். இதனை அவருடைய நடிப்புக்கு நிகரான சாதனையாக நான் கருதுகிறேன்.

அதன்பின் வந்தவை பொற்காலப் படங்கள். ‘த ஆஃபுல் ட்ரூத்’ (1937), ‘பிரிங்கிங் அப் பேபி’ (1938), ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’ (1940), ‘த ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி’ (1940) ஆகிய நகைச்சுவைப் படங்களில், நேர்த்தியாக உடுத்திய கனவான் ஒருவர் நாற்காலியோடு சரிகிறார், கால் இடறுகிறார், ஆனால் கண்ணியம் குலைவதில்லை. வித்தைக் குழுவில் விழக் கற்றவர்க்கன்றி இது எவர்க்கும் கைவராது. பேச்சுக்குப் பேச்சு இடைவெளியின்றி மோதும் ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’யை மொழிபெயர்க்கச் சொன்னால், மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நானும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுவேன்!

1939-இல் வெளிவந்த ‘கங்கா தின்’ நம் நாட்டைக் களமாகக் கொண்ட படம். ஆனால் படப்பிடிப்பு நடந்தது கலிபோர்னிய மலைகளில். அதில் கிராண்ட் ஏற்ற பட்டாளத்துக்காரனின் பெயர் ஆர்ச்சிபால்ட். உடன் நடித்தவர், முன்பு கப்பலில் வந்த அதே ஃபேர்பேங்ஸின் மகன். படம் அமெரிக்காவில் வெற்றி பெற்றது. இந்தியரை இழிவாகக் காட்டியதால் பம்பாயிலும் வங்காளத்திலும் தடை செய்யப்பட்டது. தடை நியாயமானதே.

தம் பழைய பெயரை அவர் மறைத்தார் என எண்ண வேண்டா. ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’யில் தம்மை மிரட்டும் ஒருவரிடம், கடைசியாக இப்படிச் சொன்னவன் ஆர்ச்சி லீச் என்றும், அதற்கு அடுத்த வாரமே அவன் கழுத்தை அறுத்துக்கொண்டான் என்றும் கிண்டலாகச் சொல்வார். ‘ஆர்செனிக் அண்ட் ஓல்டு லேஸ்’ படத்தில் கல்லறைக் கல் ஒன்றில் அதே பெயர் காணப்படும். சட்டப்படி அப்பெயர் நீங்கியது 1942-இல், அவர் அமெரிக்கக் குடிமகனானபோது. தாய்நாட்டையும் அவர் மறக்கவில்லை. ‘த ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி’யின் ஊதியத்தைப் பிரிட்டனின் போர் நிவாரணத்துக்கே கொடுத்துவிட்டார்.

இனி அந்தத் தாயிடம் வருவோம். 1930-களின் நடுவில், புகழ் ஏறத் தொடங்கிய வேளையில், தாய் உயிரோடிருக்கும் செய்தி மகனுக்கு எட்டியது. 1935-இல் தந்தை மறைந்தார். மகன் தாயை மருத்துவமனையிலிருந்து மீட்டார். முப்பது கடந்த மகனும் ஐம்பது கடந்த தாயும் ஒருவரையொருவர் அறியாதவர்களாக எதிரெதிரே நின்றனர். உலகமெல்லாம் கேரி கிராண்ட் என்று கொண்டாடிய மனிதர், அத்தாய்க்கு இருபதாண்டுகளுக்கு முன் விட்டுப் பிரிந்த ஆர்ச்சிதான். பிரிஸ்டலிலேயே அவருக்கு வீடு அமைத்துக் கொடுத்தார், பணம் அனுப்பினார், நேரில் போய்ப் பார்த்து வந்தார். தாயோ அமெரிக்காவுக்குக் குடிபெயரவில்லை. தொலைவிலிருந்து பெற்றோரைப் பேணுவோர்க்கு, அனுப்பும் பணம் எதை நிரப்பும், எதை நிரப்பாது என்பது தெரியும். நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1944-இல் அவர் ‘நன் பட் த லோன்லி ஹார்ட்’ என்ற படத்தில் நடித்தார். லண்டன் ஏழைப் பகுதியில் வாழும் ஊர்சுற்றி மகன் ஒருவன், தாய் நோயுற்றதை அறிந்து அவளருகே தங்கும் கதை. நேர்த்தியான உடை இல்லை, நகைச்சுவையும் குறைவு. மக்கள் திரண்டு வரவில்லை. ஆயினும் தாயாக நடித்த எதெல் பாரிமோருக்கு ஆஸ்கர் பரிசு கிடைத்தது. கிராண்ட்டின் பெயர் பரிந்துரையோடு நின்றது. 1941-இன் ‘பென்னி செரனேட்’ என்ற சோகப் படத்துக்கும் அவ்வாறே. எந்த நகைச்சுவையால் உலகை மகிழ்வித்தாரோ அதற்கு ஒரு பரிந்துரையும் இல்லை. 1970-இல்தான் கௌரவ ஆஸ்கர் அளித்தனர்.

ஹிட்ச்காக்கின் இயக்கத்தில் நடித்த நான்கு படங்கள் தனி உரைக்கு உரியவை. அவற்றுள் ‘நொட்டோரியஸ்’ (1946) தலையாயது என்பது என் எண்ணம். ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ (1959) என்பாரும் உளர். அந்த இனிய முகத்தின் பின்னே குளிர்ந்த ஏதோ ஒன்று இருப்பதை அவ்வியக்குநர் கண்டுகொண்டார். இல்வாழ்க்கையிலோ அமைதி எளிதில் கிட்டவில்லை. ஐந்து முறை மணம் புரிந்தார். 1966-இல், அறுபத்திரண்டாம் வயதில், ஜெனிஃபர் என்ற ஒரே மகள் பிறந்தாள். அவ்வாண்டு வெளியான ‘வாக், டோன்ட் ரன்’ அவருடைய கடைசிப் படம். அழைப்புகள் எத்தனையோ வந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. மகளின் கடிதங்களையும், மழலை முதற்கொண்டு ஒலிநாடாவில் பதிந்த பேச்சுகளையும் தீப்பிடிக்காத அறையொன்றில் சேமித்து வைத்தார். தம் குழந்தைப் பருவத்தில் ஒரு நாள் திடீரென்று எல்லாம் காணாமற்போனதை அறிந்தவர் அல்லவா?

தாய் எல்சி 1973 ஜனவரியில், தொண்ணூற்றைந்தாம் வயதில், பிரிஸ்டலில் காலமானார். முதுமையில் மகனோடு காரில் சென்ற தாய், நரைத்த தலைக்கு மை தீட்டிக்கொள்ளக் கூடாதா, உன்னால் எனக்கல்லவா வயதாகித் தெரிகிறது என்று கடிந்துகொண்டதாகக் கிராண்ட் நண்பரிடம் சொல்லிச் சிரிப்பதுண்டு.

அவர் 1986 நவம்பர் 29-ஆம் நாள், அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில், மக்களோடு நேரில் உரையாடும் நிகழ்ச்சி ஒன்றுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது நோயுற்று, அன்றிரவே உயிர் நீத்தார். 2001-ஆம் ஆண்டு பிரிஸ்டல் நகரத்தார் தம் சதுக்கத்தில் அவருக்கு வெண்கலச் சிலை நிறுவினர். நல்ல உடையணிந்து, கையில் திரைக்கதைச் சுவடியோடு நடந்து வரும் தோற்றம் அது.