காற்று சீசனும் கேட் தேர்வும்

கயத்தாறு பக்கம் காற்றாலைகளில் வேலை பார்க்கும் பையன்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வந்து இறங்குவது வைகாசியிலிருந்து புரட்டாசி வரை. வருஷத்து மின்சாரத்தில் பெரும்பகுதி அந்த மாதங்களில்தான் கிடைக்கும். ஒரு மெஷின் நின்றாலே கம்பெனிக்கு நஷ்டம். லீவு கேட்க வாய் வராது. அதே சமயத்தில்தான், எம்.பி.ஏ. சேர ஐ.ஐ.எம்.கள் நடத்தும் கேட் தேர்வும் தொடங்குகிறது. அறிவிப்பு வருவது ஜூலைக் கடைசியில். விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பரில். தேர்வு நவம்பர் கடைசி வாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காற்று ஓய்ந்ததும் புரட்டாசி விதைப்பு வந்துவிடும். வீட்டில் நாலு ஏக்கர் கரிசல் இருந்தால் உளுந்து, பாசி, மக்காச்சோளம் என்று காடு கூப்பிடும். கார்த்திகையில் களையெடுப்பு மும்முரமாக நடக்கையில் பரீட்சை.

தொண்ணூறுகளில் இதே ஊரிலிருந்து இந்தப் பரீட்சைக்குப் படித்தவர் என் பெரியப்பா மகன். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்து ஐ.ஐ.எம். என்றால் அப்போது பெங்களூர்தான். கோழிக்கோடு வந்தது 1996இல், திருச்சி 2011இல். கோச்சிங்குக்கு வழி கிடையாது. மும்பையில் 1977இல் தொடங்கிய ஐ.எம்.எஸ். போன்ற நிறுவனங்கள் தபால் வழிப் பாடம் அனுப்பின. அண்ணனுக்கும் அப்படித்தான் பார்சல் வரும். மாதிரித் தேர்வு எழுதி அனுப்பினால், திருத்திய தாள் திரும்பி வருவதற்குள் என்ன எழுதினோம் என்பதே மறந்துபோயிருக்கும். தீப்பெட்டி ஆபீசின் பழைய பில் தாள்களின் பின்பக்கத்தில் ஆங்கிலச் சொற்களை வரிசையாக எழுதி, எதிரே தமிழில் பொருள் எழுதி வைத்திருந்தார். கணக்கில் சந்தேகம் வந்தால் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் இருந்தார். ஆங்கிலப் பத்தி புரியாவிட்டால் கேட்க ஊரில் ஆளே இல்லை. தமிழ் வழியில் படித்து வந்தவருக்கு அந்த இடம்தான் ஒவ்வொரு முறையும் காலை வாரியது.

அவர் இரண்டு முறை எழுதினார். ராத்திரி பஸ் ஏறிச் சென்னை போய், எழுதிவிட்டு அன்றைக்கே திரும்பி, மறுநாள் காலை வேலைக்கு நின்றார். இடம் கிடைக்கவில்லை. பிறகு தபால் வழியிலேயே எம்.பி.ஏ. முடித்தார். 2003 நவம்பரில் வினாத்தாள் வெளியாகி கேட் தேர்வையே ரத்து செய்து, 2004 பிப்ரவரியில் மறுபடி நடத்தினார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, அண்ணனைப் போன்ற சம்பளக்காரர்கள் இன்னொரு லீவுக்கும் இன்னொரு பஸ் டிக்கெட்டுக்கும் என்ன செய்திருப்பார்கள் என்பதுதான்.

2009இல் தேர்வு கம்ப்யூட்டருக்கு மாறியது. முதல் வருஷம் பல மையங்களில் கோளாறு. பிறகு சீரானது. இன்றைக்குத் திருநெல்வேலியிலேயே எழுதலாம். கயத்தாற்றிலிருந்து அரசு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பாடமும் மாதிரித் தேர்வும் போனிலேயே கிடைக்கின்றன. சொல் பட்டியலை உருப்போடுவதற்கு இப்போது மதிப்பில்லை. நீளமான கட்டுரைப் பத்தியைக் கொடுத்து, எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று கேட்கிறார்கள். இது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். தினமும் ஒரு கட்டுரையை நிதானமாகப் படித்துப் பழகும் பிள்ளைக்கு, கான்வென்ட் படிப்பு இல்லாமலும் இது கைகூடும்.

என் அக்கா மகன் ஒரு காற்றாலைக் கம்பெனியின் கன்ட்ரோல் ரூமில் இருந்துகொண்டே கேட் தேர்வுக்குப் படிக்கிறான். இன்றைய தேர்வு இரண்டு மணி நேரம். மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். அந்த 40 நிமிடம் முடியாமல் அடுத்த பகுதிக்குப் போக முடியாது. பழைய பேப்பர் தேர்வில் இங்கிருந்து அங்கு தாவிக்கொள்ளலாம். இரண்டாவது பகுதியில் ஐந்து பேர், ஐந்து ஊர், ஐந்து தொழில் என்று நிபந்தனைகளைக் கொடுத்து, யார் எங்கே என்று கட்டம் போட்டுக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். ராத்திரி ஷிப்டில் அவன் அப்படி ஒரு கட்டத்தைப் பாதி நிரப்பியிருப்பான். திரையில் ஏதாவது ஒரு மெஷின் சிவப்பாக மாறும், போன் அடிக்கும், சைட்டில் இருக்கும் டெக்னீசியனை எழுப்ப வேண்டும். திரும்பி வந்து பார்த்தால் தாளில் இருக்கும் கட்டம் யாரோ எழுதியது மாதிரி இருக்குமாம். மறுபடி முதலிலிருந்துதான். "பாடம் கிடக்கு மாமா, வேணுங்கற அளவு கிடக்கு. யாரும் கூப்பிடாத நாப்பது நிமிஷம்தான் கிடைக்கல" என்றான். அண்ணனுக்கு இதற்கு நேர்மாறு. தீப்பெட்டி ஆபீஸ் சாத்தியபின் சாயங்காலம் முழுக்க அவருடையதுதான். படிக்கத்தான் ஒன்றும் இல்லை.

வேலை அனுபவத்துக்கு ஐ.ஐ.எம்.கள் பலவும் தேர்வுப் பட்டியலில் மதிப்பெண் தருகின்றன. அந்த அனுபவத்தைச் சேர்க்கும் நேரத்தில் படிக்க நேரம் எங்கே என்ற கேள்விக்கு மட்டும் எவரிடமும் பதில் இல்லை. கேட் மதிப்பெண் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். தவறினால் அடுத்த காற்று சீசனோடு மறுபடி தொடக்கம். எம்.பி.ஏ.வுக்கான இன்னொரு தேர்வான ஜிமேட்டின் மதிப்பெண்ணுக்கு ஐந்து வருஷ ஆயுள் உண்டு, வீட்டிலிருந்தும் எழுதலாம். ஆனால் கட்டணத்தை டாலரில் கட்ட வேண்டும். கேட் கட்டணம் 2024இல் 2,500 ரூபாய், பட்டியல் இனத்தாருக்கு அதில் பாதி. அண்ணா பல்கலைக்கழகத்தின் டான்செட் நுழைவுத் தேர்வை மருமகன் கையிருப்பாக வைத்திருக்கிறான்.

இந்த வருஷம் அவன் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறான். கூட வேலை பார்க்கும் ஒருவர் அரசு வேலைக்கான குரூப் ஃபோர் தேர்வுக்குப் படித்தார். அவருடைய பரீட்சைக்கு முந்தின வாரங்களில் அவருடைய ராத்திரி ஷிப்டுகளை இவன் பார்த்தான்; ஐப்பசி முதல் இவனுடையதை அவர் பார்க்கிறார். சூப்பர்வைசரும் பதிவேட்டில் மாற்றிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அண்ணன் வேலை பார்த்த ஆபீசில், இப்படி மாற்றிக்கொள்வதற்குப் பரீட்சை எழுதும் இன்னொரு ஆள் இருந்ததில்லை.