மேல்காற்றே பொறியாக

கடுங்காற்று எழுந்தால் தோணிகள் கரையேறும்; பட்டம் விடும் சிறுவரும் நூலைச் சுற்றிக்கொண்டு வீடு திரும்புவர். அத்தகைய நாளையே எதிர்பார்த்திருந்து, பொறியற்ற விமானத்தில் ஏறி வானுலாவப் புறப்படுவாரும் உளர். அவ்விமானத்தைக் கிளைடர் என்பர்.

இங்கிலாந்தில், வேல்சு நாட்டெல்லையை அடுத்த ஷ்ரொப்ஷயரில், லோங் மிண்ட் என்றொரு நெடுங்குன்றம் உண்டு. 'மிண்ட்' என்பது மலையைக் குறிக்கும் வேல்சு மொழிச் சொல்லின் திரிபு. ஆதலின் நெடுமலை என்றே நாம் வழங்கலாம். 1934ஆம் ஆண்டு தொடங்கிய மிட்லண்ட் கிளைடர்க் கழகத்தார் அதன் உச்சியையே பறப்புத் தளமாகக் கொண்டுள்ளனர். குன்றின் சரிவு மேற்கு நோக்கியது. மேல்காற்றை நூலோர் கோடை என்பர். மட்டக்களப்பார் கச்சான் என்பர். நமக்கு அது வெம்மை தருவது. அவர்க்கோ அத்திலாந்திக்கின் ஈரம் சுமந்து வருவது. திசை ஒன்றே, தன்மை வேறு.

கிளைடர் காற்றினூடே எந்நேரமும் இறங்கிக்கொண்டே இருப்பது. செக்கனுக்கு இரண்டு மூன்று அடியளவு இறங்கும். ஆயின் குன்றில் மோதிய காற்று மேலெழுகின்றது. அவ்வெழுச்சி இவ்விறக்கத்தை விஞ்சினால் விமானம் உயரும். மேலேறும் இயங்குபடியில் மெல்லக் கீழ்நோக்கி நடப்பவன், நடந்தபடியே மேல்மாடியை அடைவது போன்றது இது.

ஏவும் முறையோ கவண் எறிதலை ஒத்தது. இரப்பர் வடத்தின் நடுவை விமானத்தின் மூக்கிலுள்ள கொளுவியில் மாட்டி, இரு முனைகளையும் இரு குழுவினர் கவட்டை வடிவில் இழுத்துச் செல்வர். பின்னே வாலைப் பற்றியிருப்போர் உண்டு. முன்னே செல்வோர் முதலில் நடப்பர். கட்டளை பிறந்ததும் சரிவில் ஓடுவர். வால் விடப்படும்; கண்ணிமைப்பதற்குள் விமானம் விளிம்பைக் கடந்து காற்றில் ஏறிவிடும். பறப்பவர் ஒருவர், உழைப்பவர் எண்மர்! விசைவண்டியால் வடம் இழுத்து ஏவும் முறையும் அங்கு உண்டாயினும், எம் மனத்தைக் கவர்ந்தது இதுவே.

எல்லார்க்கும் அன்று பறக்க இசைவு கிடைப்பதில்லை. காற்று மிகுமாயின், புதிதாகத் தனித்துப் பறக்கக் கற்றவரை ஆசிரியர் தடுத்துவிடுவார். வானம் அழைக்கும் நாளிலே வடம் இழுக்க மட்டும் பணிக்கப்படும் இளைஞனின் மனம் நோகாதா? நோகும். ஆயினும் மாணாக்கன் முகம் வாடுமே என்று அஞ்சி அவ்வாசிரியர் இசைந்தால், விளைவு உயிரோடு விளையாடுவதாகும்.

காரணம் கேண்மின். காற்றினூடே மணிக்கு 60 மைல் செல்லும் விமானம், 40 மைல் எதிர்காற்றில், நிலத்தின்மேல் 20 மைலே நகரும். திரும்பினால் அதுவே 100 மைலாகும். குன்றை நோக்கித் திரும்பியவன் அதன்மேல் மோதுவான். எனவே திருப்பமெல்லாம் குன்றுக்குப் புறம்பே, காற்றை எதிர்த்தே அமையவேண்டும். குன்றின் பின்புறத்தே காற்று சுழித்துக் கீழிறங்கும். அங்கே அகப்பட்டால் மீள்வது அரிது. இன்னும் ஒன்று: நிலத்தை அண்மிய காற்று உராய்வினால் வேகம் குன்றுகிறது. அதனை எண்ணாது மெதுவாக இறங்கும் விமானம், தாங்கும் வேகத்தை இழந்து கல்லென விழும். ஆதலின் காற்று மிகுந்தால் விரைந்து இறங்குதலே விதி. மெல்லச் செல்வதே காப்பு என்னும் நம் உலகியல் அறிவு அங்கே செல்லாது.

வெள்ளிச் சின்னம் பெற விரும்புவோர் ஐந்து மணி நேரம் வானில் தரித்திருத்தல் வேண்டும். அதற்குக் குன்றுக்காற்று நல்ல துணை. பிரான்சிலே சார்ல் அற்சே என்பார் 1952இல் மிஸ்திரால் என்னும் காற்றில் 56 மணியும் 15 நிமிடமும் இறங்காதிருந்தார். உறக்கத்தால் நேரும் சாவை அஞ்சி, பின்னர் உலகச் சங்கத்தார் இத்தகைய நெடுநேரச் சாதனைகளை ஏற்பதை நிறுத்திவிட்டனர். நன்றே செய்தனர். அது பறப்புத் திறத்தை அளக்கவில்லை. கண் விழிப்பையே அளந்தது.

மாலையில் விமானங்கள் ஒவ்வொன்றாய் இறங்கும். நின்ற பின்னும் காற்று அவற்றை விடுவதில்லை. சிறகின்கீழ்ப் புகுந்து புரட்டிவிடும். எனவே காற்று வரும் பக்கத்துச் சிறகைத் தாழ்த்திப் பிடிக்க ஆள் ஓடவேண்டும். காலையில் தடுக்கப்பட்ட இளைஞனே முதலில் ஓடுகிறான். சிறகு நுனியை இரு கைகளாலும் பற்றியவாறு, விமானி இறங்கிக் கொட்டகைக்கு வழி காட்டும்வரை, மேல்காற்றுக்கு முகங்கொடுத்து நிற்கிறான்.