கண்ணின் நீளமும் கண்புரை அறுவையும்

கண்புரை அறுவை கால் மணி நேர வேலை என்பது பொய்யல்ல. ஆனால் அது சராசரிக் கண்ணை மனத்தில் வைத்துச் சொல்வது. வளர்ந்தவர்களின் கண், முன்புறக் கருவிழியிலிருந்து பின்புற விழித்திரை வரை ஏறக்குறைய 23.5 மில்லிமீட்டர். 22-க்குக் குறைந்தால் குட்டை, 26-ஐத் தாண்டினால் நீளம் என்று மருத்துவர்கள் பொதுவாகக் கொள்கிறார்கள். முகம் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ‘பெரிய கண்’ என்று நாம் மெச்சுவது இமை விரியும் அளவைத்தான். இளமையிலிருந்தே போட்ட கண்ணாடி ஓரளவு காட்டிக்கொடுக்கும்: கனத்த பிளஸ் என்றால் குட்டை, கனத்த மைனஸ் என்றால் நீளம். அறுபதுக்கு மேல் புதிதாக வந்த மைனஸை இதில் சேர்க்கக் கூடாது. அது பெரும்பாலும் புரையின் வேலை.

குட்டைக் கண்ணில் லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே இடம் குறைவு. கருவி கருவிழியின் உட்புறத்தை உரசலாம், கண்மணியைச் சுற்றியுள்ள திரை வெட்டு வழியே பிதுங்கலாம், கண்ணழுத்தம் ஏறலாம். அப்படியானால் தள்ளிப்போடுவதே நல்லதல்லவா என்று கேட்கத் தோன்றும். நேர்மாறு: வயதோடு லென்ஸ் தடித்து, இருக்கும் இடத்தையும் அடைத்துவிடும். நீளக் கண்ணில் இடத்துக்குப் பஞ்சமில்லை. அங்கே ஆபத்து பின்னால் இருக்கிறது. இழுபட்டு மெலிந்த விழித்திரை பிற்பாடு விலகலாம், குறிப்பாக வயது குறைந்த ஆண்களுக்கு. மரத்துப்போக ஊசி போடும்போதும் கண்ணின் சுவரில் குத்திவிடாத கவனம் வேண்டும்.

கருவிகள்தான் முன்னேறிவிட்டனவே என்பார்கள். உண்மைதான். 1949-இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி பொருத்திய முதல் செயற்கை லென்ஸ், நோயாளியைக் கடும் கிட்டப்பார்வையில் விட்டது; இன்று லென்ஸின் பவரைக் கணிக்க, ஒளியாலேயே கண்ணின் நீளத்தை அளக்கிறோம். ஆனால் முற்றிய புரையை ஒளி ஊடுருவாது. அப்போது அல்ட்ராசவுண்ட்தான், அதன் முனையைச் சற்று அழுத்திவிட்டால் கண் குட்டையாகப் பதிவாகும். நீளத்தில் 1 மில்லிமீட்டர் பிசகினால் சராசரிக் கண்ணிலேயே இரண்டரை முதல் மூன்று பவர் வரை தவறும். குட்டைக் கண்ணில் இன்னும் கூடும்.

பெரும்பாலோருக்குச் சராசரிக் கண்தானே, ஏன் பயமுறுத்த வேண்டும் என்ற கேள்வியும் நியாயமே. குட்டையோ நீளமோ, இத்தகைய கண்களிலும் அறுவை பெரும்பாலும் நன்றாகவே முடிகிறது; முன்கூட்டித் தெரிந்தால் மருத்துவர் அதற்கேற்பத் தயாராவார். சிக்கல் தெரியாமல் போவதில்தான். லேசர் செய்து மைனஸ் கண்ணாடியைக் கழற்றியவர்கள் அதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். லேசர் கருவிழியின் வளைவை மட்டுமே மாற்றும். கண் அதே நீளம்தான், லென்ஸ் கணக்கும் குழம்பும். லேசர் செய்தவர்கள் உட்பட நீளக் கண்ணுள்ளவர்களுக்கு, புரை அறுவை முடிந்து ஆண்டுகள் கழிந்தும் விழித்திரை விலகலாம்; எனவே கண்ணில் மின்னல் தெறித்தாலோ, புதிதாகக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, பார்வையின் ஓரத்தில் திரை விழுந்தாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.