ஆமைத் தொட்டியில் மீன் விடலாமா?

"பாவம், தனியா கிடக்குதே, துணைக்கு ரெண்டு மீன் விடுவோமே!" ஆமை வளர்க்கும் வீடுகளில் சீக்கிரமே வரும் யோசனை இது. ஆனால் ஆமை துணை தேடும் பிராணி அல்ல.

கடைகளில் விற்கப்படுவது பெரும்பாலும் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த சிவப்புக் காது ஆமை. வாங்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கும்; வளர்ந்தால் ஓரடி வரை போகும். எட்டும் மீனைக் கடிக்கும், விழுங்கும். மெதுவாக நீந்தும் கோல்டு ஃபிஷ்தான் முதலில் மாட்டும். அதையே தின்றுகொண்டிருந்தால் ஆமைக்கும் கேடு: அந்த மீனிலுள்ள தயாமினேஸ் என்ற நொதி, வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். 'தொட்டியைச் சுத்தம் பண்ணும்' என்று சொல்லி விற்கும் சக்கர் மீன் இன்னும் மோசம். அதன் துடுப்பு முள் ஆமையின் தொண்டையில் சிக்கலாம். கெளுத்தியும் அப்படித்தான்.

விட்டே ஆகணும்னா பெரிய தொட்டி, ஒளிய இடம், சீப்ரா டேனியோ மாதிரி வேகமான சின்ன மீன்கள். அவற்றிலும் சில இரையாகும்.

வயல் வாய்க்காலில் கிடைக்கும் பாலாமையைப் பிடித்து ஜோடி சேர்ப்பது குற்றம். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் உள்ள இனம் அது. 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

பெருசாகிவிட்டதே என்று சிவப்புக் காது ஆமையைப் புது ஆற்றிலோ கோயில் குளத்திலோ விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தப்பு. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களில் அதுவும் ஒன்று. இரைக்கும் வெயில் காயும் இடத்துக்கும் நம்மூர் ஆமைகளோடு போட்டி போடும். வளர்க்க முடியாவிட்டால், வளர்க்கத் தெரிந்த இன்னொருவரிடம் கொடுங்கள். தண்ணீரில் மட்டும் விடாதீர்கள்.