ரோன் ஆற்றில் நிற்கும் ஒளித்தூண்கள்

1888 செப்டம்பரில், பிரான்சின் ஆர்ல் நகரில், ரோன் ஆற்றங்கரையில் இரவு நேரத்தில் கேஸ் விளக்கு வெளிச்சத்தில் வின்சென்ட் வான் கோ ஓர் ஓவியம் தீட்டினார். இன்று அது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு மீட்டர் அகலம்கூட இல்லை. அதில் அக்கரை விளக்குகள் வெறும் புள்ளிகள். தண்ணீரில் அவற்றின் பிரதிபலிப்போ நீண்டு இறங்கும் பொன்தூண்கள்.

புள்ளி எப்படித் தூணாகிறது? ஆறு அசையாமல் கிடந்தால் ஒரு விளக்குக்கு ஒரு பிம்பம்தான். ஆனால் ஆற்றில் சிற்றலைகள் ஓயாது. ஒவ்வோர் அலைச்சரிவும் ஒரு சின்னக் கண்ணாடி. அந்தச் சரிவு நம் பக்கமாகவோ எதிர்ப்பக்கமாகவோ 5 டிகிரி சாய்ந்தால், பட்டுத் திரும்பும் ஒளி மேலோ கீழோ 10 டிகிரி விலகும். அதே சரிவு இடமோ வலமோ சாய்ந்தால், தாழ்வாக வரும் ஒளியின் திசை அதிகம் மாறாது. எனவே விளக்குக்கும் நமக்கும் நடுவே வரிசையாக உள்ள அலைகள் ஒளியைக் கண்ணுக்கு அனுப்பிவிடுகின்றன; பக்கத்து அலைகளால் முடிவதில்லை. 1954இல் காக்ஸ், மங்க் என்ற இரு அறிஞர்கள் கடல்மேல் வெயில் மினுங்கும் வான்படங்களை அளந்தே அலைகளின் சரிவைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். மினுக்கத்துக்குள் அவ்வளவு செய்தி இருக்கிறது!

இன்னொன்று: நேர்மேலிருந்து விழும் ஒளியில் 2 சதவீதத்தைத்தான் தண்ணீர் திருப்பும். பரப்பை உரசினாற்போல் 5 டிகிரியில் வந்தால் பாதிக்கும் மேல். அதனால்தான் தூரத்து நீர் ஜொலிக்கிறது, காலடி நீர் மங்குகிறது. தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் வான் கோ, அந்தப் பிரதிபலிப்புகள் செம்பொன்னாகத் தொடங்கிப் பச்சை கலந்த வெண்கல நிறம்வரை இறங்குவதாகச் சொல்கிறார். எவ்வளவு கூர்மையான கண்!

வானத்தில் அவர் உரிமை எடுத்துக்கொண்டார். ஓவியம் பார்ப்பது தென்மேற்குத் திசையை. அதில் மின்னும் சப்தரிஷி மண்டலமோ வடக்கே இருப்பது. தண்ணீரில் அந்த உரிமையை அவர் எடுக்கவில்லை என்பதே என் எண்ணம்.

இரவு நகரம் வரையப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒளிக்கோடுகள் எல்லாம் உங்கள் காலடியை நோக்கி வருவதாகத் தோன்றும். அதை நம்பிச் சாய்த்துவிடாதீர்கள். படத்தில் ஒவ்வொன்றையும் அதனதன் விளக்குக்கு நேர் கீழே, செங்குத்தாக இறக்குங்கள்.