எல்லைகள் மாறிய எங்கள் வட்டம்



"உன் மாவட்டம் எது?" என்று கேட்டால் நாம் "நாமக்கல்" என்கிறோம். பாட்டியைக் கேட்டால் "சேலம் ஜில்லா" என்பார். இரண்டும் உண்மையே! ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, மாவட்டம் மட்டும் மாறியது எப்படி?

முதலில் நிலத்தைப் பார்ப்போம். சேலத்திற்கும் நாமக்கல்லுக்கும் ஏறக்குறைய நடுவில், செம்மண் சமவெளியில் அமைந்துள்ளது இராசிபுரம். வடகிழக்கே போதமலை, கிழக்கே கொல்லிமலை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நாமகிரிப்பேட்டை மஞ்சளுக்குப் பெயர்பெற்றது. சேர்வராயன் மலைப்பகுதியில் பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலம் நகரைக் கடந்து நம் வட்டத்தின் மேற்கில் ஓடி, தெற்கே காவிரியில் கலக்கிறது. ஆயினும் நம் உழவர்க்குப் பெரும்பாலும் ஏரியும் கிணறுமே துணை. அதனால்தான் மரவள்ளியும் நிலக்கடலையும் இங்கு மிகுதி. மரவள்ளிக் கிழங்கு ஆலைகளில் ஜவ்வரிசியாகிறது.

இனி வரலாறு. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தானிடமிருந்து சேலம் சீமை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அதன் நிர்வாகத்தை ஏற்றவர் அலெக்சாண்டர் ரீட். நாமக்கல்லோ சிலகாலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்து, பின்னரே சேலத்தோடு இணைந்தது. பரந்து கிடந்த சேலம் மாவட்டத்திலிருந்து 1965-இல் தருமபுரி பிரிந்தது. பின்னர் 1997 ஜனவரி முதல் நாள் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. நாமக்கல், திருச்செங்கோடு, இராசிபுரம், பரமத்தி வேலூர் என்ற நான்கு வட்டங்கள் அதில் அடங்கின. பின்னால் வந்து சேர்ந்த நாமக்கல்லே நமக்குத் தலைநகரானது விந்தையன்றோ!

மாவட்டங்களைப் பிரிப்பது எதற்காக? மனு கொடுக்க வரும் ஏழைக்கு அலுவலகம் அருகில் இருக்கவேண்டும் என்பதற்காகவே. ஆனால் நம் வட்டத்துப் போதமலை மக்களை எண்ணிப் பாருங்கள். கீழூர், மேலூர், கெடமலை ஆகிய ஊர்களுக்கு நெடுங்காலம் சாலையே இல்லை. நோயாளிகளைத் தூளி கட்டித் தோளில் சுமந்தே மலை இறங்கினர். தேர்தல் என்றால் வாக்குப்பெட்டியும் மனிதர் தலைமேல்தான் ஏறிச் சென்றது. சாலைப்பணி தொடங்கியது அண்மை ஆண்டுகளில்தான். மாவட்டம் ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றான போதும், அவர்கள் நடந்த தொலைவு குறையவில்லை.

தோழியரே! வரைபடத்தில் எல்லைக்கோடு வரைவது எளிது; மலைமேல் பாதை போடுவது அரிது. நாளை நம்மில் ஒருத்தி ஆட்சியர் நாற்காலியில் அமரக்கூடும். அன்று அவள் முதலில் போதமலையை நிமிர்ந்து பார்க்கட்டும்!